பால்மா டின்னும் அம்மாவின் குசினியும்

2021 டிசெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதிக்கு அம்மாவைப் பார்க்கப் போனபோது, கேஸ் சிலிண்டர் வளவுக்குள் முருங்கை மரத்தடியில் நின்றது. ரெகுலேட்டரைக் கழற்றி, மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். குசினிக்குள் மூன்று கல் வைத்து விறகடுப்பு. தங்கச்சி ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறு கையால் ஊதுகுழலைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. நவம்பர் தொடங்கி இலங்கை முழுக்கக் கேஸ் வெடிப்புச் செய்திகள். சில வீடுகளில் குக்கரின் கண்ணாடித் தட்டு சிதறியது, சில வீடுகளில் குசினியே எரிந்தது. சிலிண்டரைப் பார்த்தாலே சனத்துக்குப் பயம். ஆனால் அம்மாவின் பயம் செய்தி பார்த்து வந்தது அல்ல. அதற்கு முதல் வாரம்தான் அவருடைய குசினியிலேயே கேஸ் கசிந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் தந்துவிட்டு அம்மா கேட்டார்: "உள்ளுக்க வெடிக்கிற சாமான் இரிக்கெண்டா என்னத்துக்கு மனே அத குசினிக்குள்ள வெச்சிரிக்கம்?"

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கலியாணம் முடித்து மனைவியின் ஊரான களுவாஞ்சிகுடிக்குப் போன நாளிலிருந்து அதுதான் தொழில். தகனம், பிணைப்புச் சக்தி, ஏவற்சக்தி எல்லாம் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அன்றைக்கு உடனே நல்ல பதில் சொல்ல வரவில்லை. "உள்ளுக்கு இருக்கிறது வெடிக்காதம்மா" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊரெல்லாம் வெடிக்கிறது, இவன் வெடிக்காது என்கிறான் என்ற பார்வை. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் அமுக்கத்தில் திரவமாகிக் கிடக்கின்றன. அங்கே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் இவற்றால் எரிய முடியாது. சிலிண்டருக்குள் ஒரு தீப்பொறியைக் கொண்டுபோய் வைக்க முடிந்தாலும் அது அணைந்துபோகும். எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும், அது வெளியே நம்முடைய குசினிக்குள் இருக்கிறது. வெடிப்பின் ஒரு பாதி சிலிண்டருக்குள், மறு பாதி நாம் மூச்சு விடும் காற்றில். இரண்டும் தள்ளி இருக்கும் வரை ஒன்றும் நடக்காது.

கேஸுக்குள் ஏதோ அபூர்வமான சக்தி அடைந்து கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 46 முதல் 50 மெகாயூல் வரை வெப்பம் வரும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 37 மெகாயூல். பெரிய வித்தியாசம் இல்லை. தேங்காய் எண்ணெய்ப் போத்தலை யாரும் முருங்கை மரத்தடியில் கொண்டுபோய் வைப்பதில்லை. எண்ணெய் காற்றோடு கலக்காது. அதன் மேற்பரப்பில் மட்டும்தான் எரியும், அதுவும் திரி ஒன்று இழுத்துக் கொடுத்தால். கேஸோ கேட்பாரில்லாமல் காற்றுக்குள் கரைந்து போகிறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பக்கத்திலேயே ஒட்சிசன் வந்து நின்றுவிடுகிறது. பிறகு ஒரு பொறி விழுந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தீ.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு பால்மா டின்னில் படித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுடைய விஞ்ஞான ஆசிரியர் ஒரு நாள் வெறும் பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் வெட்டி எடுத்திருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது, மூடியின் நடுவில் ஆணியால் குத்திய ஒரு சின்ன ஓட்டை. நாகத் துண்டுகளில் அமிலம் விட்டு வந்த ஐதரசனை அந்த டின்னுக்குள் நிரப்பினார். ஐதரசன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது என்பதால் அடி திறந்திருந்தாலும் அது மேலேதான் நிற்கும். டின்னை இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்துவிட்டு, எங்களைப் பின்னுக்குப் போகச் சொல்லி, ஓட்டை வாயில் நெருப்பைக் காட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தோம். ஐதரசன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆசிரியர் ஓட்டைக்கு மேலே ஒரு காகிதத் துண்டை நீட்டினார், அது பற்றிக்கொண்டது. "பாருங்க, எரியுது. அமைதியா எரியுது" என்றார். அப்புறம் மெல்ல ஒரு ரீங்காரம் கேட்டது. ஐதரசன் மேலால் எரிய எரிய, கீழால் காற்று டின்னுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ரீங்காரம் தடித்துக்கொண்டே வந்தது. ஒரு கணம் அதுவும் நின்றது. அடுத்த கணம் மூடி கூரை வரை போய் மோதி விழுந்தது.

வகுப்பில் நாங்கள் யாரும் கைதட்டவில்லை. பாதிப் பேர் வாங்குக்குக் கீழே கிடந்தோம். பக்கத்து வகுப்பில் முழுப் பேரும் நிலத்தில் படுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் கட்டிடத்தில் அழுகைச் சத்தம். அந்தக் காலத்து மட்டக்களப்பில் 'டும்' என்ற சத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆசிரியரின் முகம் வெளுத்துப் போனது. ஒவ்வொரு வகுப்பாகப் போய், வாசலில் நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, "ஒண்டுமில்ல பிள்ளையள், பாடம்தான், பாடம்தான்" என்று சொல்லிக்கொண்டு போனார். திரும்பி வந்து எங்களுக்கு விளக்கம் சொல்லும்போதும் அவருடைய கை நடுங்கியது.

ஆனால் சொன்னார். அதே டின், அதே வாயு. சுத்தமாக இருந்தபோது குத்துவிளக்குப் போல எரிந்தது. காற்று சேர்ந்து ஒரு அளவுக்கு வந்ததும் வெடித்தது. அந்த அளவை எட்டும் வரை சுடர் வெளியே நின்றது, எட்டியதும் ஓட்டை வழியே உள்ளே ஓடியது. வாயுவின் குணம் இடையில் மாறவில்லை, கலவைதான் மாறியது.

அந்த அளவுக்குப் பெயர் எரிபற்றும் எல்லை. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. புரொப்பேனுக்கு அது காற்றில் 2.1 வீதத்திலிருந்து 9.5 வீதம் வரை. பியூட்டேனுக்கு 1.8 முதல் 8.4 வரை. சேற்றிலும் சுரங்கத்திலும் வரும் மெதேனுக்கு 5 முதல் 15. ஐதரசனுக்கு 4 முதல் 75. கீழ் எல்லைக்குக் குறைவாக இருந்தால் எரியும் ஒரு மூலக்கூறின் வெப்பம் அடுத்த மூலக்கூறைப் போய்ச் சேருமுன் சுற்றியுள்ள நைதரசன் அதைக் குடித்துவிடும். மேல் எல்லைக்கு மேலே போனால் வாயு நெருக்கியடித்து நிற்கும், ஒட்சிசன் எல்லோருக்கும் போதாது. இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து. புரொப்பேனுக்குக் கணக்குச் சரியாகப் பொருந்துவது 4 வீதத்தில்: ஒரு பங்கு புரொப்பேனுக்கு 5 பங்கு ஒட்சிசன் வேண்டும், அந்த ஒட்சிசனைத் தருவதற்கு ஏறத்தாழ 24 பங்கு காற்று.

இந்த எல்லைகளைப் பார்த்தால் எந்த வாயுவுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று ஓரளவுக்குத் தெரியும். மீனுக்கு ஐஸ் செய்யும் பெரிய தொழிற்சாலைகளில் குளிரூட்டுவதற்கு அமோனியா பயன்படுத்துவார்கள். அதுவும் எரியக்கூடியதுதான், ஆனால் 15 வீதத்துக்கு மேலே சேர வேண்டும், 28 தாண்டினால் எரியாது. அந்த அளவு சேரும் முன்பே அதன் நெடி ஆளை விரட்டிவிடும். ஐதரசன் அப்படியல்ல. 4 வீதம் இருந்தாலும் எரியும், 75 வீதம் இருந்தாலும் எரியும். மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போகும்போதெல்லாம், வானத்துக்கு இழுக்கும் பலூனை வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்த பிள்ளைதான் நானும். அலுமினியத் துண்டையும் கோஸ்டிக் சோடாவையும் போட்டு அந்தப் பலூன்களை நிரப்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வருவது ஐதரசன். ஹீலியம் நிரப்பிய பலூனுக்குப் பக்கத்தில் யாராவது சுருட்டுப் பற்றவைத்தால் பலூன் மட்டும்தான் போகும். ஐதரசன் பலூனுக்குப் பக்கத்தில் அதைச் செய்தால் பிள்ளையின் முகம் போகும். தாய் தகப்பன்மார் வாங்கும் முன் என்ன நிரப்பியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று அசற்றலீன். வெல்டிங் கடைகளில் ஒட்சிசனோடு சேர்த்து எரிப்பது. அதற்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. காற்றே இல்லாமல், தன்னைத் தானே உடைத்துக்கொண்டு அது வெடிக்கும். காபன் இரண்டும் மூன்று பிணைப்பால் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதில் சக்தி ஏற்கெனவே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் அதை மற்ற வாயுக்களைப் போல வெறுமனே அமுக்கி அடைக்க முடியாது. சிலிண்டருக்குள் துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசற்றோன் என்ற திரவத்தை ஊறவிட்டு, அந்த அசற்றோனில் கரைத்துத்தான் அடைக்கிறார்கள். "உள்ளுக்கு இருக்கிறது வெடிக்காது" என்று அம்மாவுக்குச் சொன்னது நம்முடைய சமையல் கேஸுக்குச் சரி, அசற்றலீனுக்குச் சரியில்லை.

சரி, எரிவது என்றால் என்ன? என் மாணவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், "பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவரும் சேர்" என்பது. இது தலைகீழ். பிணைப்பை உடைக்க நாம்தான் சக்தி கொடுக்க வேண்டும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் சக்தி திரும்பி வரும். நான் அவர்களுக்கு வயற்கணக்கில் சொல்வேன். ஒரு மூல் புரொப்பேனையும் (மூல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஒரு பெரிய அளவு) ஐந்து மூல் ஒட்சிசனையும் முழுதாகக் கழற்றிப் பிரிக்க ஏறத்தாழ 6,500 கிலோயூல் விதைக்க வேண்டும். கழன்ற அணுக்கள் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் சேரும்போது 8,500 அளவில் அறுவடை. மிச்சம் 2,000 கிலோயூல்தான் நம்முடைய சோறும் கறியும். அம்பாறைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "அப்ப விதைநெல்ல முதல்ல ஆர் சேர் குடுக்கிற?" என்று கேட்டாள். நான் கேட்ட மிக நல்ல கேள்விகளில் அது ஒன்று. முதல் விதைநெல்லைக் கொடுப்பது பொறி. அதற்குப் பிறகு விளைந்ததிலிருந்தே அடுத்த விதைப்பு.

அந்த முதல் விதைநெல் எவ்வளவு சின்னது தெரியுமா? புரொப்பேனும் காற்றும் பொருத்தமான அளவில் கலந்திருந்தால் 0.25 மில்லியூல் போதும். ஒரு நெல்மணியை நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் வேலை அது. ஐதரசனுக்கு 0.02 மில்லியூல் போதும். அதே நெல்மணியை நாலு விரல் உயரத்துக்குத் தூக்கினால் முடிந்தது. லைட் சுவிட்சைப் போடும்போது உள்ளே பறக்கும் சிறு பொறி இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பனிநாட்களில் கம்பளி கழற்றும்போது விரல் நுனியில் சுருக்கென்று வரும் பொறியே இதைவிடப் பெரியது.

எல்லா வாயுவும் ஏன் எரிவதில்லை என்பதற்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. காபனீரொட்சைட்டு ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். சாம்பலை மறுபடி எரிக்க முடியாததுபோல்தான் அதுவும். நைதரசனின் இரண்டு அணுக்களும் 945 கிலோயூலால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, சாதாரண நெருப்புக்கு அவற்றைப் பிரிக்க வலு இல்லை. ஒட்சிசனின் இரட்டைப் பிணைப்போ 498 தான். இரட்டைப் பிணைப்பு என்ற பெயருக்கு அது மெலிந்தது. எரிபொருளைத்தான் நாம் குற்றம் சொல்கிறோம், ஆனால் தீயின் வேகத்தில் பெரும் பங்கு ஒட்சிசனின் இந்த இளகிய பிடியில் இருந்து வருகிறது. வைத்தியசாலையில் ஒட்சிசன் சிலிண்டருக்குப் பக்கத்தில் நெருப்புக் கூடாது என்று எழுதி வைத்திருப்பது அதனால்தான். ஒட்சிசன் தான் எரியாது. மற்றதையெல்லாம் எரியவிடும்.

இதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தீ எப்படிப் பெருகுகிறது என்பது. ஐதரசன் எரிவதை எடுத்துக்கொள்வோம். தனியாக விடுபட்ட ஒரு ஐதரசன் அணு ஒரு ஒட்சிசன் மூலக்கூறில் போய் மோதுகிறது. அதிலிருந்து இரண்டு துடுக்கான துண்டுகள் பிறக்கின்றன. அவை போய் வேறு மூலக்கூறுகளைக் குலைக்கின்றன. கடைசியில் கணக்குப் பார்த்தால், ஒரு ஐதரசன் அணு போட்ட இடத்தில் மூன்று நிற்கும். மூன்று ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழாகும். பத்தாவது சுற்றில் 59,049. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு மிகச் சிறு துளி. பாடப்புத்தகம் இந்தத் துண்டுகளைச் சுயாதீன மூலிகங்கள் என்கிறது. இப்படிக் கிளைவிட்டுப் பெருகும் தொடர்தாக்கங்களை ஆராய்ந்த நிக்கலாய் செமியோனொவுக்கும் சிரில் ஹின்ஷெல்வுட்டுக்கும் 1956 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டதில் வியப்பான ஒன்று: பாத்திரத்தின் சுவரே தீயை அடக்கும். மூலிகங்கள் சுவரில் மோதி ஒட்டிக்கொண்டால் தொடர் அறுந்துபோகிறது. அதனால் ஒரே கலவை சின்னக் குழாயில் சும்மா கிடக்கும், பெரிய பாத்திரத்தில் வெடிக்கும்.

சுவரைக் கொண்டு தீயை அடக்கலாம் என்பதை ஒருவர் அதற்கு முன்பே பரிசோதனையில் கண்டுபிடித்திருந்தார். 1812 மே மாதம் இங்கிலாந்தின் ஃபெலிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மெதேன் வெடித்து 92 பேர் செத்தார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. வெளிச்சத்துக்காகக் கொண்டுபோன சுடரே எமன். ஹம்ஃப்ரி டேவி என்ற இரசாயனவியலாளர் 1815 இல் செய்த விளக்கில் சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை மட்டும்தான் வைத்தார். வாயு வலைக்குள் புகுந்து எரியும், ஆனால் வெளியே வரப் பார்க்கும் சுடரின் வெப்பத்தைக் கம்பி உறிஞ்சிவிடும். அரிதட்டுப் போன்ற ஒரு வலை, அவ்வளவுதான். என் வகுப்பில் தேயிலை வடியைச் சுடர் மேல் பிடித்துக் காட்டுவேன். சுடர் வலைக்குக் கீழேயே தட்டையாக நின்றுவிடும். பிள்ளைகள் நம்பாமல் மறுபடி மறுபடி செய்து பார்ப்பார்கள்.

மெதேன் என்றதும் மட்டக்களப்பு வாவி நினைவு வருகிறது. கண்டல் மரங்களுக்குக் கீழே உள்ள சேற்றில் தோணிக் கம்பை ஊன்றினால் குமிழி குமிழியாக வரும். மாமாவோடு இறால் பார்க்கப் போன இரவுகளில் அந்தக் குமிழிகளைக் கண்டால் பயம். கொள்ளிவாய்ப் பேய் அந்தப் பக்கம்தான் திரியும் என்று அம்மம்மா சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் நெருப்பு, மூடினால் இருட்டு. 1776 இல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக் கரையில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா செய்ததும் இதைத்தான்: சேற்றைத் தடியால் கிளறி, வந்த குமிழியைப் போத்தலில் பிடித்து, அது எரியும் என்று காட்டினார். ஆனால் மெதேன் தானாகப் பற்றாது, அதற்கு 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். காற்றுப் பட்டதுமே தானாகப் பற்றும் பொசுபரசு ஐதரைட்டு ஒன்று உண்டு, கொள்ளிவாய்ப் பேய்க்கு வழமையாகச் சொல்லப்படும் விளக்கம் அதுதான். எங்களுடைய வாவியில் உப்புக் கலந்திருப்பதால் சேற்றில் மெதேன் குறைந்து, அழுகிய முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டு கூடும். அதுவும் எரியும். அதைவிட முக்கியம், அது நஞ்சு. செறிவு கூடினால் மூக்கின் மணம் பிடிக்கும் சக்தியையே கெடுத்துவிடும். அம்மம்மா சொன்ன பேயைவிட இது பயங்கரம்.

இனி அம்மாவின் குசினிக்கு வருவோம்.

இரவு முழுக்க ரெகுலேட்டர் வாயால் கேஸ் கசிந்திருக்கிறது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து கீறல் விழுந்திருந்தது, பிறகு பார்த்தபோது தெரிந்தது. குசினி பத்தடிக்குப் பத்தடி. அப்படி ஒரு அறையில் கீழ் எல்லையைத் தொட ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேஸ் போதும். 12.5 கிலோச் சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குதான். உண்மையில் அவ்வளவும் தேவையில்லை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அது அறை முழுக்கப் பரவுமுன் தண்ணீர் போலத் தரையில் தேங்கும். மேலே நிற்கிற ஆளின் மூக்குக்கு மணம் குறைவாக இருக்கும்போதே காலடியில் எரியும் கலவை தயாராகிவிடும்.

விடிய நாலரை மணிக்கு அம்மா எழும்பியிருக்கிறார். குசினிக் கதவைத் திறந்ததும் மணம். உள்ளே போய், இருட்டிலேயே நடந்து, பின்கதவின் கொண்டியைக் கழற்றி அகலத் திறந்துவிட்டு, பிறகு சிலிண்டர் பக்கம் வந்து தடவித் தடவி ரெகுலேட்டரை மூடியிருக்கிறார். பின்கதவுக்கு நிலைப்படி இல்லை. தேங்கி நின்ற கேஸ் வாசற்படியால் வழிந்து மணலுக்குப் போயிருக்கும். ஃபிரிட்ஜ் முன் அறையில் இருந்ததும் நல்லதாகப் போயிற்று, அதன் மோட்டர் தானாக இயங்கத் தொடங்கும்போதும் பொறி பறக்கலாம்.

"லைட்டப் போடல்லையா அம்மா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு நெஞ்சு அடித்தது.

"நான் எப்ப மனே விடியக்காலையில லைட்டுப் போட்டிரிக்கன்?" என்றார். "அந்த நாளையில வெளிச்சம் தெரிஞ்சாலே வந்து கதவத் தட்டுவானுகள். மறுகா அதே பழகிப் போச்சு."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இரசாயனவியல் படித்த மகன் சொல்லிக் கொடுத்த எதுவும் அன்று அவரைக் காப்பாற்றவில்லை. மகன் சொல்லிக் கொடுத்திருக்கவும் இல்லை. போர்க்காலத்துப் பயம் ஒன்று கையில் ஒட்டிக்கிடந்து காப்பாற்றியிருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலையில், கீழ்த்தளத்தில் தேங்கியிருந்த எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். ஆசிரியர் ஒருவர் மரம் தேய்க்கும் மின்கருவியின் சுவிட்சைப் போட்டதுதான் பொறி. அந்த வாயுவுக்கு மணம் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வாயுவில் மணம் கலக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. நம்முடைய சமையல் கேஸுக்கும் தன் மணம் என்று ஒன்று இல்லை. எதைல் மேர்கப்ரன் என்ற பொருளை மிகச் சிறு அளவில் கலக்கிறார்கள், அம்மாவின் மூக்கு பிடித்தது அதைத்தான்.

பொறி விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கேஸும் காற்றும் கலந்த கலவைக்குள் தீ அமைதியாக நகர்ந்தால் வினாடிக்கு 40 சென்ரிமீற்றர் அளவில்தான் நகரும். ஆள் நடப்பதைவிட மெதுவு. எரிந்த வாயு விரிந்து பின்னாலிருந்து தள்ளும்போதும், மேசை, அலுமாரி, கதவிடுக்கு என்று தடைகளில் பட்டுச் சுழலும்போதும் வேகம் பிடிக்கும். ஆனால் கொல்வது வேகம் மட்டும் அல்ல. எரிந்த வாயு 1,900 பாகைக்கு மேல் சூடாகி ஏழெட்டு மடங்கு விரியப் பார்க்கும். அறை மூடியிருந்தால் அமுக்கம் எட்டு மடங்கு வரை ஏறப் பார்க்கும். ஜன்னல் கண்ணாடி உடைய வளிமண்டல அமுக்கத்தில் நூறில் சில பங்கு போதும், செங்கல் சுவருக்குப் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஆக, கலவையின் ஒரு பகுதி எரிவதற்குள்ளேயே வீடு தோற்றுவிடும். ஒலியைவிட வேகமாகத் தீ ஓடும் இன்னொரு வகை வெடிப்பும் உண்டு. ஐதரசனும் ஒட்சிசனும் கலந்து வெடித்தால் வினாடிக்கு 2,800 மீற்றர் அளவில் ஓடும். குசினிக்கு அந்த வகை தேவையே இல்லை.

அந்த வருடத்து வெடிப்புகளைப் பற்றி ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவை விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று சொன்னது. புரொப்பேனின் பங்கு கூடியிருந்தது. புரொப்பேன் கொதிப்பது -42 பாகையில், பியூட்டேன் -0.5 பாகையில். நம்முடைய ஊரின் 30 பாகை வெயிலில் தனிப் புரொப்பேனின் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டும், தனிப் பியூட்டேனுக்கு மூன்று மடங்கு கூட வராது. அதனால் புரொப்பேன் கூடக் கூட உள்ளமுக்கம் ஏறும். பியூட்டேன் மிகுந்த கலவைக்குப் பழகிய வாஷரும் குழாயும் ரெகுலேட்டரும் அதைத் தாங்க வேண்டும். புரொப்பேன் கெட்ட வாயு ஒன்றும் இல்லை, குளிர்நாடுகளில் அதை மட்டுமே அடைத்துச் சமைக்கிறார்கள். சனத்துக்குச் சொல்லாமல் மாற்றியதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். குசினியில் நிற்கும் பெண்ணுக்குத் தான் எதைப் பற்றவைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

அம்மாவுக்கு நான் சொன்னவை கொஞ்சம்தான். மணம் வந்தால் லைட்டைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். ஃபானைப் போட்டுக் காற்றை வெளியேற்ற நினைக்கவும் கூடாது. கதவைத் திறக்க வேண்டும், ஜன்னலைவிடக் கதவுதான் முக்கியம், ஏனென்றால் கேஸ் கீழே கிடக்கிறது. மணம் மிகக் கடுமையாக இருந்தால் உள்ளேயே போகாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வளவுக்கு வெளியே போக வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் கேஸ் நிறைந்த அறை எரியாது என்று எண்ணி ஏமாறக் கூடாது, கதவைத் திறந்ததும் காற்றுப் புகுந்து அது அந்த நடு எல்லையைக் கடந்துதான் ஆகும். பால்மா டின்னுக்குள் நடந்தது அதுதான். கசிவு பார்க்கத் தீக்குச்சி வேண்டாம், சவர்க்கார நுரையைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

சிலிண்டர் முருங்கை மரத்தடியிலிருந்து எழும்பியது. இப்போது குசினிச் சுவருக்கு வெளியே, வடக்குப் பக்க நிழலில், சீமெந்துத் திட்டில் நிற்கிறது. சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் உள்ளே வருகிறது. ரெகுலேட்டரும் வாஷரும் புதிது. தங்கச்சிக்கு விறகுப் புகை இல்லை. அடுத்த வருடம் கேஸே இல்லாமல் நாடு முழுக்க வரிசையில் நின்றபோது மறுபடி விறகுக்குப் போனோம், அது வேறு கதை. அம்மா இன்றைக்கும் விடியக்காலையில் லைட்டுப் போடுவதில்லை. குசினிக்குள் நுழையும்போது குனிந்து, தரைக்குக் கிட்ட ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்கிறார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கேஸ் பாரம் என்று நான் சொன்னதிலிருந்து அவரே கண்டுபிடித்தது.

வருடத்துக்கு ஒரு தடவை நானும் பால்மா டின் பரிசோதனை செய்கிறேன். செய்யும் முன் பாடசாலையில் ஒவ்வொரு வகுப்பாகப் போய், வாசலில் நின்று, "இன்னும் கொஞ்ச நேரத்தில ஒரு சத்தம் கேட்கும், பாடம்தான்" என்று சொல்லிவிட்டு வருவேன். இப்போதைய பிள்ளைகளுக்கு ஏன் இதை வந்து சொல்கிறார் என்று விளங்குவதில்லை. சத்தம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்து, எங்கள் ஆய்வுகூடத்து ஜன்னல்களில் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.